மலையைப் படம் எடுக்கப் போனால்

(சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம், ஏதாவது ஹாபி பற்றிப் பேசு. சைட்டு, சிமெண்ட் என்று ஆரம்பித்துவிடாதே" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போட்டோ பற்றிப் பேச எனக்கு உள்ள தகுதி மூன்று வருஷ அனுபவம், ஒரு செகண்ட் ஹேண்ட் கேமரா, ஒரு ஸ்டாண்டு. அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணம், குழந்தை, பறவை எதையும் நான் எடுப்பதில்லை. மலை, புல், மேகம் இவைதான். கோயமுத்தூரில் வேலை என்பதால் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பினால் விடியும்போது நீலகிரியில் நிற்கலாம். வீட்டம்மா இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் என்பதை இந்த சபையில் சொல்ல முடியாது.

முதலில் வெளிச்சம். படம் எடுக்கக் கற்றுத்தரும் புத்தகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. சூரியன் உதித்து ஒரு மணி நேரம், மறைவதற்கு முன் ஒரு மணி நேரம், அது பொன்னான நேரம் என்று எழுதியிருக்கும். நம்ம ஊரில் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றால் அது கிடைக்காது. நம்ம ஆட்களுக்குக் கணக்காகவே சொல்லிவிடலாம். பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. ஊட்டி சுமார் 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் அங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாகவே மேலே ஏறும். தொடுவானத்திலிருந்து 6 டிகிரி உயர 25 நிமிஷம் போதும். லண்டன் இருப்பது 51 டிகிரிக்கு மேல். அங்கே சூரியன் சாய்வாக ஏறுவதால், மார்ச் மாதத்தில் அதே 6 டிகிரிக்கு 40 நிமிஷம் பக்கம் ஆகும். அவர்கள் நிதானமாக டீ குடித்துவிட்டு வரலாம். நாம் இருட்டிலேயே ஸ்டாண்டை நிறுத்தி, போகஸ் பார்த்து, கை விறைக்கக் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, கேமராவின் மீட்டருக்கு மூளை கிடையாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணித்தான் அளக்கும். பனிமூட்டத்தைக் காட்டினால் அழுக்கு வேட்டி மாதிரி படம் வரும். ஒரு ஸ்டாப் கூட்டி வைத்தால் பனி பனியாக இருக்கும். அபெர்ச்சர், ஃபில்டர் சமாசாரமெல்லாம் ஆறு மாதத்தில் யாருக்கும் கைவந்துவிடும்.

வராதது வேறு. எதை எடுப்பது என்பது.

ஊட்டி என்றதும் நம் மனசில் என்ன படம் வருகிறது? ஒரு ஏரி, கரையில் ஓங்கி நிற்கும் தைல மரங்கள், பின்னால் தேயிலைச் சரிவு, மேலே மேகம். இதில் ஏரி 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டச் செய்தது. (கொடைக்கானல் ஏரியும் இன்னொரு கலெக்டர் வேலைதான். லெவிஞ்ச் துரை 1863ல் உண்டாக்கியது.) தைல மரமும் சீகை மரமும் 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. தேயிலையும் வெள்ளைக்காரர் காலத்தில் நட்டது. இயற்கைக் காட்சி என்று காலண்டரில் மாட்டுகிறோமே, அதில் இயற்கை என்று சொல்ல மேகம் ஒன்றுதான் மிச்சம்!

அவலாஞ்சிப் பக்கம் வனத்துறை வண்டியில் போனபோது, கூட வந்த வாச்சர் ஒருவர் இதை ரொம்பச் சுலபமாகச் சொன்னார். "இது நட்ட மரம் சார். காடு அந்தப் பள்ளத்துல இருக்கு பாருங்க" என்று கையைக் காட்டினார். மலை மடிப்புக்குள் குட்டை மரங்கள் நெருக்கிக்கொண்டு, தலை எல்லாம் காலிஃபிளவர் பூ மாதிரி. அதுதான் சோலை. அதைச் சுற்றி மேலே முழுக்கப் புல்வெளி. டிசம்பர், ஜனவரி உறைபனி திறந்த சரிவில் மரக்கன்றைப் பிழைக்க விடாது என்பது ஒரு விளக்கம். வரையாடு மேய்வது இந்தப் புல்லில்தான். தோடர்கள் எருமை மேய்த்ததும், வீட்டுக்கும் கோவிலுக்கும் கூரை வேய்ந்ததும் இந்தப் புல்லால்தான்.

நம் மின்சாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. பைக்காரா மின் நிலையம் 1932ல் ஓட ஆரம்பித்தது. பிறகு முக்குர்த்தி அணை, குந்தா திட்டம் என்று வரிசையாக வந்தன. டர்பைனைப் பற்றி நாம் நிறையப் படித்தோம். அந்தத் தண்ணீர் மழை நின்ற பிறகும் ஓடையில் கசிந்து வருவதற்கு மேலே புல்லும் சோலையும் இருக்கிறது என்பது எந்த செமஸ்டரிலும் வரவில்லை. சிலபஸ் போட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஆனால் இந்தப் புல்வெளி சாதாரணக் கண்ணுக்கு மொட்டையாகத்தான் தெரியும். 'சும்மா கிடக்கிற நிலம்' என்று சொல்லித்தான் சரிவு சரிவாகச் சீகையும் தைலமும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடவும் காகிதக் கூழுக்கும் வேண்டும் என்று அது இன்னும் வேகமாக நடந்தது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, பழனி மலையில் புல்வெளியின் பெரும்பகுதி போய்விட்டதை ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கேமராவும் அதே கண்தான். மத்தியானம் 12 மணிக்கு எடுத்தால் வெறும் பச்சைத் தகடு. காலை முதல் 25 நிமிஷம், பக்கவாட்டு வெயிலில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முடிச்சும் சரிவும் ஓடைத் தடமும் எழுந்து நிற்கும். புல் நுனி வெள்ளியாக இருக்கும். மொட்டை என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் குளிரில் நிற்பது இதற்காகத்தான்.

படத்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் என்பவர் 1936ல் தன் மலைப் படங்களைத் தூக்கிக்கொண்டு வாஷிங்டன் போய் அரசியல்வாதிகளிடம் காட்டினார். 1940ல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா ஆயிற்று. அவர் படம் மட்டும் காரணம் இல்லை, பல பேர் பாடுபட்டார்கள். ஆனாலும் மேஜைமேல் ஒரு படம் இருப்பதும் இல்லாததும் ஒன்றில்லை. எஸ்டிமேட் பாஸ் பண்ண அலைந்த நமக்கு அது தெரியும்.

நம்மிடம் குறைவது பழைய படம். நான் இன்று எடுப்பதை எதோடு ஒப்பிடுவது? இங்கேதான் சீனியர்கள் தயவு வேண்டும். 70களிலும் 80களிலும் நம் கல்லூரியிலிருந்து ஊட்டி டூர் போகாத செட் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஆல்பம் இருக்கும். பெல்பாட்டம் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி, பைக்காரா ரோட்டில் வரிசையாக நின்றிருப்பீர்கள். உங்கள் முகத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவு. அது புல்லா, மரமா, தேயிலையா? எந்த வளைவு, எந்த வருஷம், எந்த மாதம்? ஞாபகம் இருக்கும்போதே பென்சிலால் பின்பக்கம் எழுதி வையுங்கள். அதே இடத்தில் நின்று, அதே மாதத்தில், நான் ஒன்று எடுத்து வருகிறேன்.

யாராவது ஆல்பம் கொண்டு வந்திருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு பழைய டிராயிங் ஹால் ஜன்னல் பக்கம் இருப்பேன். நல்ல வெளிச்சம் வரும் இடம். அங்கேயே காப்பி எடுத்துக்கொண்டு, ஆல்பத்தைக் கையோடு திருப்பித் தந்துவிடுகிறேன்.