இரண்டு நிமிடத் திகில்

(ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிடுகிறோம். பார்த்த பிள்ளைகள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "நாமளும் எடுக்கலாமா டீச்சர்?" தாராளமாக எடுக்கலாம். ஆனால் முழுப்படம் வேண்டாம். ஒரு திகில் படத்தின் தொடக்கக் காட்சி, இரண்டே நிமிடம் போதும். முடிவு சொல்ல வேண்டியதில்லை. பார்ப்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தால் சரி.

முதலில் நல்ல தொடக்கம் ஒன்றைக் காட்டுங்கள். எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954இல் வந்தது. பாடல்களே இல்லாத படம். துப்பாக்கிச் சத்தத்தோடும் ஒரு சாவோடும் தொடங்கும். சுட்டது யார் என்ற கேள்விதான் படத்தைக் கடைசிவரை இழுத்துச் செல்லும்.

இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன விளக்கமும் பிள்ளைகளுக்குச் சட்டெனப் புரியும். மேசைக்கடியில் இருக்கும் குண்டு திடீரென வெடித்தால் சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது பார்ப்பவருக்கு மட்டும் முன்பே தெரிந்துவிட்டால், நிமிடக்கணக்கில் பதற்றம்.

என் ஒன்பதாம் வகுப்பில் முதலில் வந்த கதை, முகமூடி போட்டவன் ஒரு பெண்ணைத் துரத்துவது. ஒரு மாணவி எழுந்தாள். "எல்லாப் படத்துலயும் பொண்ணுங்கதான் பயந்து ஓடணுமா டீச்சர்?" வகுப்பு அமைதியானது. நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். இரண்டு நாள் வாதம் நடந்தது. பிறகு புதுக்கதை பிறந்தது. வகுப்புத் தலைவி தலைகளை எண்ணி, பலகையின் மூலையில் 'வருகை 31' என்று எழுதுகிறாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் 32. அழித்து எழுதுகிறாள். மீண்டும் 32. அவள் ஓடவில்லை, கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு முகமாக எண்ணத் தொடங்குகிறாள்.

கதை முடிவானதும் தாளில் 14 கட்டங்கள் போட்டோம். ஒரு ஷாட்டுக்கு ஒரு கட்டம். உள்ளே கோட்டுப்படம், கீழே ஒரு வரி. தேர்வுத்தாளில் ஒரு பத்தி எழுதத் திணறும் மாணவன் அதில் எழுதியது: "கை மட்டும் தெரியுது. சாக்பீஸ் உடையுது." மொழிப்பாடத்தில் நாம் எதிர்பார்க்கும் சுருக்கமும் துல்லியமும் அங்கே இருந்தன.

படப்பிடிப்புக்கு ஒரு கைப்பேசி போதும். படுக்கைவாட்டில் பிடியுங்கள், அழைப்பு வராதபடி ஏரோபிளேன் மோடில் வையுங்கள், ஆடாமலிருக்கப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வையுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் ஐந்து நொடி கூடுதலாகப் பதிவுசெய்தால் எடிட்டிங் எளிது. ஒரே செயலைத் தூரத்திலும் அருகிலும் எடுங்கள். நடிக்காதவர்களுக்கும் வேலை உண்டு. சாக்பீஸ் எந்தக் கையில் இருந்தது, ரிப்பன் எப்படிக் கட்டியிருந்தது என்று குறிப்பெடுக்க ஒருவர், ஒலி சேகரிக்க ஒருவர். தலைமையாசிரியர், பெற்றோர் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைகள் முகம் தெரியும் படத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

இலவச எடிட்டிங் செயலியே போதும். கை அசையும் நொடியில் வெட்டி அடுத்த ஷாட்டுக்குப் போனால் வெட்டு கண்ணுக்குத் தெரியாது. பயமுறுத்தும் பின்னணி இசையைப் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். அதை எடுத்துவிட்டு, மின்விசிறிச் சத்தத்தையும் குழாய் சொட்டும் ஒலியையும் மட்டும் வைத்துப் போட்டுக் காட்டுங்கள். எது அதிகம் பயம் தருகிறது என்பதை அவர்களே சொல்வார்கள். எங்கள் முதல் வடிவம் மூன்று நிமிடத்தைத் தாண்டியது. "இந்த ஷாட் இல்லாவிட்டால் என்ன குறையும்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டே இரண்டு நிமிடமாக்கினார்கள்.

இதற்குச் செலவானது ஏழு பாடவேளை. பாடம் பின்தங்காதா என்று நீங்கள் கேட்பது நியாயம். திட்டமிட்டார்கள், எழுதினார்கள், எழுதியதைத் தாங்களே திருத்தினார்கள். தமிழ்ப் பாடவேளையில் நாம் செய்யச் சொல்வதும் அதைத்தானே? ஒரு மாணவியின் கேள்வியால் வகுப்பே தன் கதையை மாற்றியது. அந்தக் கேள்வி கேட்கப்படுவதற்கு ஓர் இடம் வேண்டும். உங்கள் வகுப்பிலும் அந்த இடத்தைக் கொடுங்கள்.