வீட்டுக்கு அனுப்பும் அதிகாரத்தை யார் கொடுத்தது?



எனக்கு முன்னால் பேசியவர்கள் துணைவேந்தர் நியமனம், காலிப் பணியிடம், ஓய்வூதியம் என்று பெரிய விஷயங்களைப் பேசிவிட்டார்கள். நான் ஒரே ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். 'ஃபிட்னஸ் சர்டிபிகேட்' என்று ஒரு காகிதம்.

அம்மை போட்டு ஊருக்குப் போன பையன் திரும்பி வரும்போது அதைக் கேட்கிறார்கள். கேட்கட்டும். நாலு பேர் ஒரே அறையில் படுக்கிற விடுதி; தொற்றிக்கொள்ளும். அதில் எனக்குச் சண்டை இல்லை. வேறொரு காட்சியைச் சொல்கிறேன். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது தெரிந்த காட்சிதான்.

விடுதியில் ஒரு பெண் சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வகுப்புக்குப் போகவில்லை. ராத்திரியில் அழுகிறாள். அறைத் தோழி பயந்துபோய் வார்டனிடம் சொல்கிறாள். வார்டன் துறைத் தலைவரிடம் சொல்கிறார். துறைத் தலைவர் முதல்வரிடம் சொல்கிறார். சாயங்காலம் அப்பாவுக்கு ஒரு போன்: "உடனே கிளம்பி வாங்க." என்ன ஏது என்று சொல்வதில்லை. அந்த மனிதர் ராத்திரி பஸ்ஸில் எதையெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருப்பார்! காலையில் அலுவலகத்தில் நிற்கவைத்து ஒரு கடிதம் எழுதி வாங்குகிறார்கள். "என் மகளை என் சொந்தப் பொறுப்பில், என் விருப்பத்தின்பேரில் அழைத்துச் செல்கிறேன்." வாசகம் கல்லூரியுடையது, கையெழுத்து அப்பாவுடையது. "பூரணமா குணமானதும் டாக்டர் சர்டிபிகேட்டோட கூட்டிட்டு வாங்க சார், பார்த்துக்கலாம்."

அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அவள் மேஜராகிவிட்டவள். ஓட்டுப் போடுகிறவள். தன் படிப்பு நிற்கப் போகிறது என்பது அவளுக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது.

நான் கேட்கிறேன்: எந்த விதியின் கீழ் இது நடந்தது? உத்தரவு எண் என்ன, தேதி என்ன, யார் கையெழுத்துப் போட்டது? தேடிப் பாருங்கள். ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடைக்காது. அனுப்பியவர்கள் யாருடைய கையெழுத்தும் எங்கேயும் இல்லை. அதற்குப் பிறகு வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும், தேர்வு எழுத விடமாட்டார்கள், ஒரு வருடம் போகும், உதவித்தொகை நிற்கும். எல்லாவற்றுக்கும் கோப்பில் ஒரே காரணம்: பெற்றோர் விருப்பத்தின்பேரில் அழைத்துச் சென்றார்.

முதல்வர்கள் சிலர் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். உங்கள் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். "ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? வாசலில் கேமராவோடு நிற்பார்களே, காவல் நிலையத்துக்கு நான்தானே போக வேண்டும்?" அந்தப் பயம் பொய்யில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. பயப்படத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்கு அனுப்பியதால் ஆபத்து குறைந்ததா, இல்லை உங்கள் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிப் போனதா? வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம். அப்பா குடிக்கிறவராக இருக்கலாம். அவளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ள யாருமே இல்லாமல் இருக்கலாம். விசாரித்தீர்களா? கேஸ் நம் கையைவிட்டுப் போனால் சரி, அவ்வளவுதானே?

இதைவிடப் பெரிய கேடு ஒன்று விடுதிக்குள் நடக்கிறது. முதலில் வார்டனிடம் போய்ச் சொன்னாளே, அந்த அறைத் தோழி, அவள் என்ன கற்றுக்கொண்டாள்? 'நான் சொன்னதால்தான் இவள் படிப்பு போச்சு' என்று கற்றுக்கொண்டாள். அடுத்த முறை வாயே திறக்கமாட்டாள். பக்கத்து அறையில் தூக்கம் வராமல் கிடக்கும் இன்னொரு பெண், கவுன்சிலரிடம் போகலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தவள், போகமாட்டாள். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று பெயர் வாங்குவதைவிட, டி.சி. வாங்குவதைவிட, சிரித்துக்கொண்டே திரிவது மேல் என்று முடிவு கட்டுவாள். ஒரு பெண்ணை அனுப்பிவிட்டு மற்ற பெண்கள் அத்தனை பேரின் வாயையும் தைத்துவிட்டீர்கள். இனி உங்களுக்கு எந்தச் சேதியும் வராது. வந்தால் கடைசிச் சேதிதான் வரும்.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம், உலகமே கைகூப்புகிற இடம். மனம் நொந்து உதவி கேட்டால் 'விலகிக்கொள்' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, மாணவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். விலகியவர்கள் திரும்பி வர மறுபடி விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. 2022 நவம்பரில் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே பல்கலைக்கழகம் விதிகளை மாற்றியது. விலகல் என்பது விடுப்பு என்றானது, திரும்பி வரும் வழி எளிதானது. வழக்குப் போட்ட பிறகு முடிந்தது முன்னாலேயே முடியாதா?

நம் சட்டம் என்ன சொல்கிறது? நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மூன்றாவது பிரிவிலேயே சொல்லிவிட்டது: முன்பு சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் வைத்து ஒருவர் இன்றைக்கும் நோயாளி என்று முடிவு கட்டக்கூடாது, மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று சொல்லக்கூடாது, அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். நீதிமன்றம் செய்ய வேண்டிய வேலையை நம்மூரில் விடுதிக் கண்காணிப்பாளர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்! 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் மனநோயையும் சேர்த்திருக்கிறது. பாகுபாடு கூடாது என்கிறது. தேவையான ஏற்பாடுகளை நிறுவனம் செய்துதர வேண்டும் என்கிறது. முதலில் ஏற்பாடு செய்துகொடு, அதற்குப் பிறகு முடியுமா முடியாதா என்று பேசு. நாம் செய்வது தலைகீழ்.

தலைகீழ் என்றால் எப்படிப்பட்ட தலைகீழ் என்பதற்கு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையைப் பாருங்கள். மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் இடம் கேட்க வேண்டுமானால் குறைபாடு 40 சதவீதம் இருக்க வேண்டும். பேச்சு, மொழிக் குறைபாட்டில் 40 சதவீதம் வந்துவிட்டாலோ, எம்.பி.பி.எஸ். படிக்கவே தகுதியில்லை என்றது விதி! நாற்பதுக்குக் கீழே இருந்தால் படிக்கலாம், ஒதுக்கீடு இல்லை. நாற்பதைத் தொட்டால் ஒதுக்கீடு உண்டு, படிக்க முடியாது. சிரிக்காதீர்கள். பெரிய பெரிய டாக்டர்கள் உட்கார்ந்து எழுதிய விதி இது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைப் பிடித்து உலுக்கியது. சதவீதத்தைப் பார்த்து விரட்டாதே, இந்த மாணவரால் இந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்று ஆளைப் பார்த்துச் சொல், முடியாது என்றால் காரணத்தை எழுது என்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கே.வி. விஸ்வநாதன், கோவை சட்டக் கல்லூரியில் படித்தவர். ஒற்றைக் காலை இழந்த பிறகும் ஆடிக்காட்டிய சுதா சந்திரனின் பெயரை அந்தத் தீர்ப்பில் எழுதிவைத்தார்.

இன்னொரு விதி இருந்தது. மருத்துவம் படிக்க 'இரண்டு கைகளும் முழுமையாக' இருக்க வேண்டுமாம். 2025 பிப்ரவரியில் அதே நீதிபதி அங்கம் வகித்த அமர்வு, அது அரசியல் சட்டத்துக்கே முரண் என்றது. இத்தனைக்கும் தசைச் சிதைவு நோயில் 88 சதவீதக் குறைபாடு உள்ள ஒரு மாணவருக்கு, முந்தைய அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் இடம் வாங்கிக்கொடுத்திருந்தது. உதவிக் கருவிகளோடு அவரால் என்ன செய்ய முடியும் என்று ஒரு நிபுணர் உட்கார்ந்து பார்த்தார். பார்த்தால் தெரிகிறது. பார்ப்பதற்குத்தான் நம்மவர்களுக்கு நேரமில்லை.

இப்போது என்னைவிடப் படித்த ஒருவர் எழுந்து, "இங்கிலாந்தைப் பாருங்கள், அங்கே படிப்புத் தகுதி பற்றி எழுத்தில் நடைமுறை இருக்கிறது, படிப்படியாக விசாரணை, மேல்முறையீடு எல்லாம் இருக்கிறது" என்று சொல்லக்கூடும். இருக்கிறது, ஐயா. ஆனால் அங்கே பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் நடந்ததையும் கேளுங்கள். இயற்பியல் இரண்டாமாண்டு மாணவி. பிறர் முன்னால் பேசுவதே பெரும் வேதனை, அது நோய். அந்தத் துறையில் ஆய்வகச் சோதனை முடிந்ததும் ஆசிரியர் எதிரே உட்கார்ந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். அவரால் முடியவில்லை. மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். துறைக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் குறைத்தார்கள். 2018 ஏப்ரல் 30ஆம் தேதி 329 இருக்கைகள் கொண்ட அரங்கில் அவர் பேச வேண்டியிருந்தது. அன்று அவர் உயிரோடு இல்லை.

அவர் மரணத்துக்குப் பிறகு தொடரப்பட்ட வழக்கில் பல்கலைக்கழகம் என்ன வாதாடியது? வாய்மொழியாக விளக்குவதும் படிப்பின் தகுதிதான், அதைத் தளர்த்த முடியாது என்றது. 2022இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நீ சோதிக்க வேண்டியது இயற்பியல் அறிவை. வாயால் சொல்வது சோதிக்கும் வழி மட்டும்தான், வழியை மாற்றியிருக்கலாம் என்றது. சமத்துவச் சட்டத்தை மீறியதற்காக 50,518 பவுண்டு இழப்பீடு. 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு கருத்தை நம் கல்லூரி அலுவலகங்களில் ஒட்டிவைக்க வேண்டும்: மாணவர் சொல்வதும் நடந்துகொள்வதுமே சான்றுதான். கண் முன்னால் ஒரு பிள்ளை நொறுங்கிக்கொண்டிருக்கும்போது 'சர்டிபிகேட் வரட்டும்' என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கே 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு கட்டளை போட்டது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரையாவது வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறோம் என்பீர்கள். யாரை? வகுப்பும் எடுத்து, விடைத்தாளும் திருத்தி, ஆலோசகர் என்று பெயர்ப்பலகையும் மாட்டிக்கொண்டிருக்கும் அதே உதவிப் பேராசிரியரை! அவரிடம் அழுதால் அது ஒருமணி நேரத்தில் துறைத் தலைவர் காதுக்குப் போய்விடும். யார் வருவார்கள்?

படிப்பை நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு ஒரு பருவம் ஓய்வு வேண்டும்தான். சில நேரம் கூட இருக்கும் மாணவர்களின் பாதுகாப்பும் கேள்விதான். அப்போது நிறுத்துங்கள். ஆனால் அந்த மாணவரை உட்காரவைத்துக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். தேர்வுத் தேதியை மாற்றுவது, பாடச் சுமையைக் குறைப்பது, விடுதி அறையை மாற்றுவது, இதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு நிறுத்துங்கள். காரணத்தையும், திரும்பி வரும் தேதியையும், அதற்கான நிபந்தனையையும் எழுத்தில் கொடுத்துவிட்டு, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். பெயர் போடப் பயமாக இருந்தால், அந்த முடிவு தப்பு என்று உங்களுக்கே தெரியும்.

பெற்றோர்களே, அலுவலகத்தில் வாசகம் சொல்லிக்கொடுத்து எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். "உங்கள் உத்தரவை எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை, உங்கள் உரிமை. மாணவத் தோழர்களே, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதற்கு மேலே குறைதீர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார். உங்கள் பல்கலைக்கழகத்தில் அவர் யார், எங்கே உட்காருகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைக்கு ராத்திரியே யாருக்காவது மனம் தாங்கவில்லை என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

அறைத் தோழிக்கு ஒரு வார்த்தை, தங்கச்சி: நீ சொன்னது சரிதான். இனிமேலும் சொல். ஆனால் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடாதே. அவளோடு அலுவலகத்துக்கு நீயும் போ. பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போ. அவளுக்கு ஏற்பாடு செய்துகொடுத்தீர்களா என்று முதல்வரிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.