அடைக்கலம் என்பது ஒரு வேலை



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒரு தாயின் நினைவாக அமைந்தது. அவர் பெயரை மேடையில் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். “அம்மா இருந்திருந்தால் கூச்சப்பட்டு எழுந்து போயிருப்பார்” என்றார் மூத்த மகள். வரதராசன்பேட்டைப் பக்கத்துக்காரர், முந்திரிக்கொட்டை உடைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் கைகளைப் பற்றிக் கடைசியில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு கத்தோலிக்கத் தாய் அன்றாட வாழ்வில் புனிதத்தை எப்படித் தேடுவது என்பது எனக்குத் தந்த தலைப்பு. இதைச் சொன்னதும் நம் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, “நேரம் எங்கே இருக்கிறது?” என்பதுதான். ஐந்து மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு கட்டிக் கொடுத்து, பருத்தி எடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போய், மாலையில் குழுக் கூட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு வருகிறவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: வேலையெல்லாம் போக மிஞ்சும் நேரத்தில்தான் புனிதம் இருக்கிறது, மிஞ்சாதவளுக்கு அது கிடையாது என்கிற நம்பிக்கை. இந்த நம்பிக்கையோடுதான் எனக்கு வழக்கு.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. தமிழ் மனமே புனிதத்தை வீட்டு வாசலுக்கு வெளியேதான் தேடியிருக்கிறது. காரைக்கால் அம்மையாருக்குப் பெற்றோர் இட்ட பெயரே புனிதவதி. அடியாருக்குச் சோறிட்டு, கணவன் அனுப்பிய மாங்கனியையும் படைத்த இல்லத்தரசி அவர். ஆனால் நாம் அவரை வணங்குவது வீட்டையும் இளமையையும் உதறிவிட்டு ஆலங்காட்டுக்குப் போன பிறகுள்ள உருவத்தில். ஔவை முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்கிறது கதை. அந்தப் பெரியோர்மேல் எனக்குள்ள மதிப்பில் குறைவில்லை. ஆயினும் அந்த மாங்கனியைப் பரிமாறிய நாளிலேயே அம்மையார் முழுமையாகப் புனிதவதிதான் என்று எனக்குத் தோன்றும்.

இந்த இடத்தில் நம் அரியலூர் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. திருமானூருக்குக் கிட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்து 1710-இல் இந்தியாவுக்கு வந்தவர். அவர் ஒரு துறவி. மனைவி மக்கள் இல்லாதவர். அவர் இயற்றிய தேம்பாவணியின் தலைவன் யார் என்று பாருங்கள். வளன் என்று அவர் தமிழில் பெயரிட்ட சூசையப்பர்: ஒரு தச்சர், ஒரு குடும்பத் தலைவர். 36 படலங்களில் 3615 பாடல்கள். தாவீதின் அரச குலத்தில் வந்தவர் என்றாலும் உளி பிடித்துப் பிழைத்த மனிதர். உழைத்துச் சாப்பிடும் ஒரு வீட்டைப் பெருங்காப்பியத்துக்கு உரிய பொருள் என்று ஒரு துறவி முடிவு செய்தார். துறவியின் கண்ணுக்கே பட்ட இந்த உண்மையை வீட்டுக்குள் இருக்கும் நாம் பார்க்காமல் விடலாமா?

அதே முனிவர் ஏலாக்குறிச்சிக்கு வைத்த பெயர் திருக்காவலூர். அங்கே இருக்கும் மாதாவுக்குப் பெயர் அடைக்கல மாதா. தஞ்சை நாட்டில் தொல்லைப்பட்ட கிறிஸ்தவர்கள் ஆற்றைக் கடந்து வந்து ஒதுங்கிய இடம் என்று ஊரில் சொல்லிவருகிறார்கள். ராஜபிளவை என்னும் கட்டியால் வருந்திய அரியலூர் மழவராயர் இங்கே குணமடைந்து, நன்றியாக நிலம் கொடுத்தார் என்பதும் அந்த மரபில் வரும் செய்தி. மாதாவுக்கு எத்தனையோ பட்டங்கள் உண்டு. பிரார்த்தனை மாலையில் அடுக்கிக்கொண்டே போவோம். எனக்கு இந்த ஒரு பெயர் போதும். அடைக்கலம் என்பது ஒரு வேலை. ஓடி வருகிறவன் எப்போது வருவான் என்று தெரியாது. அவன் வரும் நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும்.

என் கதவு ஒருமுறை மூடியிருந்தது. பெரம்பலூரில் வாடகை வீட்டில் இருந்தோம். என் மகனுக்கு ஆறு வயது. மாலையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன், நாலாவது பத்து. பையன் வலது கையை மூடிக்கொண்டு வந்து “அம்மா” என்றான். கையால் ‘இரு’ என்று காட்டினேன். மறுபடி “அம்மா” என்றான். இந்தமுறை முறைத்தேன். ஜெபமாலையில் மங்கள வார்த்தை சொல்லும் மணிகள் மொத்தம் 53. அன்று ஒன்றுகூட விடாமல் சொல்லி முடித்தேன். எழுந்து போய்ப் பார்த்தால் வாசலில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் பால்பல் விழுந்திருக்கிறது. சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிய வேண்டும், அம்மாதான் எறிய வேண்டும் என்று பாட்டி சொல்லிவைத்திருந்தார். அவனே எறிந்துவிட்டான். “கூரைக்குப் போகலம்மா, எங்கேயோ விழுந்துடுச்சு” என்றான். விளக்கை எடுத்துக்கொண்டு இருவரும் தேடினோம். கிடைக்கவில்லை. அவன் இன்று அதை மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை. அன்று கதவைத் தட்டியது யார் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று.

ஜெபமாலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இன்றும் என் இடுப்புப் பையில் அது இருக்கிறது. கோயில் மணி காலை ஆறுக்கும் நண்பகலுக்கும் மாலை ஆறுக்கும் அடிக்கும்போது மூவேளை ஜெபம் சொன்ன நம் பாட்டிமார், களைக்கொட்டைக் கீழே வைத்து நின்று சொல்லிவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டார்கள். மணியடிப்பதும் ஒரு குறுக்கீடுதானே. வேலையின் நடுவே கடவுள் குறுக்கிடலாம் என்றால், ஜெபத்தின் நடுவே பிள்ளை வழியாகவும் அவர் குறுக்கிடலாம்.

திருச்சபை இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21 அன்று வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு ஏட்டின் ஐந்தாம் அதிகாரம் முழுவதும், புனிதத்துக்கான அழைப்பு எல்லாருக்கும் பொது என்பதைப் பற்றியதுதான். 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் மடலில் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். சாமான் வாங்கப் போகிறாள், அக்கம்பக்கத்தாள் புறம்பேசத் தொடங்குகிறாள், இவள் சேர்ந்துகொள்ளவில்லை. களைத்து வீட்டுக்கு வந்தால் பிள்ளை பேச வருகிறது, உட்கார்ந்து கேட்கிறாள். மனக்கவலை வரும்போது ஜெபமாலையை எடுக்கிறாள். தெருவில் ஓர் ஏழையைக் கண்டு நின்று அன்பாக ஒரு வார்த்தை பேசுகிறாள். படித்தபோது நம் செட்டிகுளத்துப் பக்கம் வெங்காயம் ஆயும் களத்தைத்தான் நினைத்தேன். அங்கே பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கையில், வராத ஒருத்தியைப் பற்றிப் பேச்சு எழும்பாத நாள் உண்டா? அந்த வட்டத்தில் வாயை மூடிக்கொள்வது நாற்பது நாள் ஒருசந்தியைவிடக் கடினம். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு தாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழந்தை இயேசுவின் தெரேசாளை நாம் எல்லாரும் அறிவோம். அவருடைய தாய் செலி மார்த்தேன், 1831-இல் பிறந்தவர். பிரான்சில் அலான்சோன் என்ற ஊரில் கைப்பின்னல் லேஸ் தொழில் நடத்தினார். அந்த ஊர்ப் பெண்கள் தத்தம் வீட்டில் உட்கார்ந்து பின்னிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நம் ஆண்டிமடம் பக்கம் வீட்டுத் திண்ணையில் முந்திரி உடைப்பதைப் போல. பெற்ற ஒன்பதில் நாலைச் சிறுவயதிலேயே புதைத்தார். அவர் எழுதிய கடிதங்களில் இருநூறுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. களைப்பையும் தொழில் தொல்லையையும் ஒளிக்காமல் எழுதுகிறார். தெரேசாளுக்குப் பாலூட்ட அவரால் முடியவில்லை. குழந்தையை ஒரு கிராமத்துப் பெண்ணிடம் ஓராண்டு விட்டு வளர்த்தார். பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போன ஒரு பெண் என்னிடம், “நான் தாயா டீச்சர்?” என்று அழுதார். அவருக்கு நான் செலியின் கதையைத்தான் சொன்னேன். மார்புப் புற்றால் 1877-இல் செலி இறந்தபோது தெரேசாளுக்கு வயது நாலரை. 2015 அக்டோபர் 18 அன்று கணவர் லூயியோடு சேர்த்து அவருக்குப் புனிதர் பட்டம் தந்தார்கள். லூயி கடிகாரத் தொழில் செய்தவர். மனைவியின் தொழிலுக்குக் கைகொடுக்கத் தம் கடையையே கொடுத்துவிட்டார். இங்கே வந்திருக்கும் ஆண்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கடினமான விஷயம். புனிதம் என்று சொல்லிப் பெண்களை அடிவாங்க வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. குடித்துவிட்டு வருகிறவனைப் பற்றி அழுதால், “மாதாவைப் பார், எவ்வளவு பொறுத்துக்கொண்டாள்” என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், அதற்காக வருந்துகிறேன். மாதா என்ன செய்தார்? ஏரோது பிள்ளையைத் தேடுகிறான் என்று தெரிந்ததும் பொறுத்துக்கொண்டு பெத்லகேமில் உட்கார்ந்திருக்கவில்லை. இரவோடு இரவாகக் குடும்பமே எகிப்துக்குப் போயிற்று. தேம்பாவணியில் அந்தப் பயணம் விரிவாக வருகிறது. ஆற்றைத் தாண்டி வந்தவர்களின் ஊரில் இருந்தவர் அதைப் பாடினார் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அடைக்கலம் கொடுப்பவள் முதலில் அடைக்கலம் தேடியவள். ஆபத்திலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் தாய் அந்த இரவு எந்தப் புனிதத்தையும் இழக்கவில்லை. அவள் வந்து தட்டும்போது நம் வீடும் நம் அன்பியமும் திறக்கின்றனவா என்பதில்தான் நம்முடைய புனிதம் இருக்கிறது.

கடைசியாக, அந்தக் கைகள். முந்திரிக்கொட்டையின் தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் பொத்துவிடும், உரியும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் கறுப்பு நகக்கண்ணில் ஏறித் தங்கிவிடும். இந்த அம்மாவுக்கு விரல் முழுக்கக் கறை. நன்மையை, அதாவது நற்கருணையை, கையில் வாங்கும் பழக்கம் வந்த பிறகும் அவர் நாக்கில்தான் வாங்கினார். கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வாராம். ஆனால் பேரப்பிள்ளைகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அந்தக் கைதான் நெற்றியில் இருக்கும். பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். நோயில் படுத்து, வேலை நின்று நாலைந்து மாதத்தில் தோல் உரிந்து கறையெல்லாம் போய்விட்டது. ஒருநாள் சாமியார் நன்மை கொண்டுவந்திருக்கிறார். போர்வைக்கு வெளியே கிடந்த தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மா மகளிடம் கேட்டாராம், “இது யார் கைடி?”