திரும்பி வராத பயிற்சி விமானம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் விமானப் படையில் நேவிகேட்டராக இருந்தவன். விமானி ஓட்டுவார், எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்பணும் என்று சொல்வது என் வேலை. அதே வேலையைக் கற்றுக்கொள்ளப் போய்த் திரும்பாத மூன்று பையன்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

1942 நவம்பர் 18. கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோ அருகே மேத்தர் ஃபீல்டு விமானத் தளம். ஏடி-7 என்ற இரட்டை எஞ்சின் பயிற்சி விமானம். ஓட்டியவர் வில்லியம் கேம்பர். உடன் சென்ற மாணவர்கள் ஜான் மார்ட்டென்சன், எர்னஸ்ட் மன், லியோ முஸ்தோனென். எல்லாருமே இருபதுகளில் இருந்தவர்கள். சுமார் ஐந்து மணி நேரத்துக்கு எரிபொருள். போக வேண்டியது வடக்கே. தேடினார்கள், கிடைக்கவில்லை. 1947இல் மலையேறிகள் சிதைவைக் கண்டபோது அது கிடந்தது தென்கிழக்கே 150 மைலுக்கும் அப்பால், சியரா நெவாடா மலையில், மெண்டல் பனியாற்றில். பக்கத்துச் சிகரம் 13,700 அடி.

ஏன் அங்கே போனார்கள் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. ஆனால் நேவிகேட்டர்கள் எல்லாரும் முதலில் நினைப்பது காற்றைத்தான். அந்த நாளில் ஜி.பி.எஸ். ஏது? திசைகாட்டி, கடிகாரம், வேகம், பென்சில், மேப். பக்கக் காற்று 40 நாட் வீசினால், அதைக் கணக்கில் சேர்க்காதவன் ஒரு மணி நேரத்தில் 40 கடல் மைல் விலகிப் போயிருப்பான். மேகத்துக்கு மேலே பறந்தால் அது தெரியவே தெரியாது. இங்கே ஃபிசிக்ஸ் வகுப்பில் வெக்டர் நடத்தும்போது, "இது எதுக்குடா உதவப்போவுது" என்று கிசுகிசுத்தவன் நான். சார், மன்னிக்கணும்.

என் பயிற்சியில் ஒருநாள் காற்றின் திசையைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். மேகம் விலகியபோது கிருஷ்ணா நதி இருக்கவேண்டிய பக்கத்தில் இல்லை! பயிற்சியாளர் திட்டலை. "கீழே மலையா இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கலை.

2005 அக்டோபரில் பனிச்சுவர் ஏறப்போன இருவர் அந்தப் பனியாற்றில் ஓர் உடலைக் கண்டார்கள். பாராசூட் விரியவே இல்லை. பையில் சில்லறைக் காசு, ஒரு சீப்பு. இருபது வயசுப் பையன் சீப்பு இல்லாமலா இருப்பான்? ஹவாயில் ராணுவ ஆய்வகத்தில் உறவினர்களின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டு, முஸ்தோனென்தான் என்று 2006இல் சொன்னார்கள். 63 வருஷம் கழித்து சொந்த ஊரில் அடக்கம். அவருடைய பெற்றோர் அதற்கு வெகு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

2007இல் அதே இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு உடல். அது எர்னஸ்ட் மன். அடையாளம் தெரிந்த 2008இல் அவருடைய தங்கைகள் மூவரும் உயிரோடிருந்தார்கள். எண்பதைத் தாண்டிய கிழவிகள். அண்ணன் மட்டும் அவர்களுக்கு இன்னும் 23 வயதுப் பையன்.

கேம்பரும் மார்ட்டென்சனும் அப்படி முழுசாகக் கிடைக்கவில்லை. முன்பு கிடைத்த சில எச்சங்களைப் புதைத்த இடத்தில் நால்வர் பெயரையும் பொறித்த ஒரே கல் இருக்கிறது, சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில்.

மணி அடிச்சாச்சு.