யாரும் சாதி கேட்காத கடலோர ஊர்



டென்மார்க்கில் ஒரு கடலோரச் சிற்றூருக்குக் குடிபோன கதையைச் சொல்லச் சொன்னார்கள். ஊர் பெயர் ரிங்கோபிங். ஜூட்லாந்து தீபகற்பத்தின் மேற்குப் பக்கம், ஒரு பெரிய கழிமுகத்தின் ஓரத்தில் இருக்கிறது. மக்கள் ஏறத்தாழ 10,000 பேர். கழிக்கும் வடகடலுக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு மணல்திட்டு. அதில் 1931இல் கட்டிய மதகு வழியாகத்தான் கடல்நீர் வந்து போகிறது. பக்கத்தில் லெம் என்றொரு ஊர். வெஸ்டாஸ் நிறுவனம் 1898இல் ஒரு கொல்லுப்பட்டறையாகத் தொடங்கியது அங்கேதான். இன்று அதற்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. காற்றாலை வேலைக்கு நம் பிள்ளைகள் அந்தக் கரைக்குப் போய்ச் சேருகிற வழி இதுதான். நானும் அப்படிப் போனவன்தான்.

டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். காற்று ஓயாது. அதையெல்லாம் யூடியூபில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது வேறு.

முதலில் வீடு. முன்பணமாக மூன்று மாத வாடகை, அதற்கு மேல் மூன்று மாத வாடகையை முன்கூட்டியே கேட்கலாம் என்று அங்கே சட்டமே சொல்கிறது. அரை ஆண்டு வாடகையை எண்ணி வைத்தபோது வயிறு எரிந்தது உண்மை. ஆனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று யாரும் கேட்கவில்லை. "கறி சமைப்பீங்களா?" என்றும் கேட்கவில்லை. சென்னையில் வீடு தேடித் தெருத்தெருவாக அலைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. முகவரியைப் பதிந்ததும் பத்து இலக்கத்தில் ஒரு சி.பி.ஆர். எண் வருகிறது. பிறகு ஒரு மஞ்சள் அட்டை. அதில் உங்கள் மருத்துவரின் பெயர் அச்சிட்டிருக்கும். அலுவலகத்தில் 'சார்' கிடையாது, மேலதிகாரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் வாய் அதற்குப் பழகப் பல மாதம் ஆனது!

எங்கள் தெருவில் ஒருநாள் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. லாரியும் இயந்திரமுமாக ஒருவர் வந்தார். வேலை முடிந்தது, கையுறையைக் கழற்றிக் கை கழுவினார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் அவரை உள்ளே கூப்பிட, இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். இவருடைய கூலியைத் தொழிற்சங்கம் பேசி முடிக்கிறது. குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று சொல்லும் சட்டமே அந்த நாட்டில் இல்லை.

உடனே 'வெள்ளைக்காரன் நாகரிகம்' என்று கைதட்டிவிடாதீர்கள். அதே ஜூட்லாந்தில் ஒரு காலத்தில் 'நாட்மன்' என்று ஒரு கூட்டம் இருந்தது. இரவு மனிதன் என்று பொருள். ஊரின் மலக்குழியை இரவில் அள்ளுவது, செத்த குதிரையின் தோலை உரிப்பது, தூக்கிலிடுபவனுக்கு எடுபிடியாக நிற்பது இவர்கள் வேலை. இவர்களை 'மானமில்லாதவர்கள்' என்று ஊர் ஒதுக்கியது. தொட மாட்டார்கள், கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். செத்த குதிரையைத் தொட்டாலே மற்றவன் மானமும் போய்விடும். மதுக்கடையில் இவர்களுக்குத் தனிக் கோப்பை. ஆமாம் தோழர்களே, இரட்டைக் குவளைதான். ஸ்டீன் ஸ்டீன்சன் பிளிகர் என்ற எழுத்தாளர், ஒரு பாதிரியார், 1829இல் இந்த மக்களை வைத்துக் கதையே எழுதியிருக்கிறார்.

இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரன் யார் என்று கண்டுபிடிக்க ஆவணக் காப்பகத்தைத் தோண்ட வேண்டும். வேலை மாறியது, கூலி மாறியது, கலந்து மணம் செய்தார்கள். இவை நடக்காமல் மனம் மட்டும் தானாக மாறியிருக்காது என்பது என் கணிப்பு. "எல்லா நாட்டிலும்தான் இருந்தது" என்று நம்மிடம் சமாதானம் சொல்ல வருகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். இருந்தது. ஆனால் ஏணியின் ஒவ்வொரு படியையும் கடவுளே போட்டதாகச் சொல்லும் சாத்திரம் அங்கே அதற்குக் காவல் நிற்கவில்லை.

அப்படியானால் டென்மார்க் பிறப்பைக் கேட்காத நாடா? அரசு கேட்கிறது. என் மகள் அங்கே பிறந்தவள். அரசுக் கணக்கில் அவள் 'எஃப்டர்கொமர்', அதாவது வந்தேறியின் வாரிசு. பெற்றோரில் ஒருவராவது டென்மார்க்கில் பிறந்து, டேனிஷ் குடிமகனாகவும் இருந்தால்தான் அந்தப் பெயர் இல்லை. நாளை அவள் குடியுரிமை வாங்கினாலும் பெயர் போகாது, அவள் பிள்ளைகள் காலத்தில்தான் உதிரும். அதற்கு மேல் 'மேற்கத்தியர் அல்லாதவர்' என்று ஒரு பகுப்பு. 2018இல் வந்த சட்டங்கள், அந்தப் பகுப்பினர் பாதிக்கு மேல் வசிக்கும் சில குடியிருப்புகளை 'கெட்டோ' என்றே பெயரிட்டன. அங்குள்ள ஒரு வயதுக் குழந்தை வாரம் 25 மணி நேரம் காப்பகத்துக்குப் போயாக வேண்டும். 2021இல் அந்தப் பெயரை மாற்றினார்கள். எங்கள் சிற்றூர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் அங்கே அவ்வளவு அமைதி!

நமக்கு முன்னால் போனவர்கள் ஈழத்து அகதிகள். 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், அவர்களுடைய மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் சொன்னார். சட்டம் கொடுத்த உரிமை அது. விவகாரம் வெடித்து 1993 ஜனவரியில் ஷ்லூட்டர் அரசே பதவி விலகியது. 1995இல் அமைச்சருக்கு நான்கு மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக. டேனியர்கள் அதை இன்றும் 'தமிழர் வழக்கு' என்கிறார்கள். ஏதுமற்று வந்தவர்களின் குடும்ப உரிமைக்காக ஓர் அரசு விழுந்தது என்பதைப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போங்கள்.

இனி நம் ஆட்களுக்கு வருகிறேன். டேனியர் கேட்காத கேள்வியை நாம் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறோம். பொங்கலுக்கு நாலு குடும்பம் கூடினால், "எந்த ஊர்?" அடுத்தது, "ஊர்ல எந்தப் பக்கம்?" அதற்கும் பிடிபடவில்லை என்றால், "குலதெய்வம் எது?" ஒரு தம்பி இந்த மூன்றாவது கேள்விக்கு நேராகவே பதில் சொன்னார். அடுத்த விருந்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. வேலையிடத்தில் மதிய உணவுக்கு நம்மவர்கள் மேசை மாறி உட்கார்ந்தார்கள். டேனிஷ் மேலாளர் இதை இரண்டு பேருக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே பாகுபாட்டுக்கு எதிரான சட்டத்தில் இனம் இருக்கிறது, மதம் இருக்கிறது. சாதி என்ற சொல் இல்லை.

தம்பியும் நானும் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் போனோம். சாதி என்றால் என்னவென்று அரைமணி நேரம் சொல்லிப் பார்த்தோம். வர்க்கமா, மதமா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். கடைசியில் நாட்மன் என்றோம், தனிக் கோப்பை என்றோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் பேரை என் பாட்டி வசவாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்" என்றார். பிறகு, "யார் அந்த மேசையில் உட்காருகிறவர்கள்?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

தம்பி பெயர்களைச் சொன்னார். அவருடைய விசா அந்த ஒரு வேலையோடு கட்டிப்போட்டது, தெரிந்தேதான் சொன்னார். வேலையிட நடத்தை விதியில் சாதி என்ற சொல்லைச் சேர்க்கும் கோரிக்கை இப்போது எங்கள் சங்கக் கிளையில் இருக்கிறது. எதிர்த்து எழுதிய மூன்று மின்னஞ்சல்களும் நம்மவர்களுடையவை. வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் வேலைக்கு வந்தால் குளிர்ச்சட்டை வாங்குவதற்கு முன்னால் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள், எங்களுக்கு வாக்குகள் வேண்டும்.