பரீட்சைக்குப் போகும் பிள்ளை
(சந்தாபுராவில் பெற்றோருக்கான பேச்சு)

சந்தாபுராவில் விடியும் முன்பே விளக்குகள் எரியும். பொம்மசந்திராவில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் புறப்படுவார்கள். கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் தாய்மார்கள் அடுப்பைப் பற்ற வைப்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் இங்கே பல. பல வீடுகளில் ஒரே அறைதான். அந்த அறையின் ஒரு மூலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்.

மார்ச் மாதம் நெருங்கும். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை வரும். பிள்ளைக்குச் சோறு இறங்காது. தூக்கம் வராது. வயிறு வலிக்கும். "படிச்சதெல்லாம் மறந்து போச்சும்மா" என்று அழும். இது நடிப்பு அல்ல. சோம்பலும் அல்ல. இது பயம்.

பயம் உடம்பில் என்ன செய்கிறது?

தெருவில் நாய் துரத்தினால் என்ன ஆகும்? நெஞ்சு படபடக்கும். மூச்சு வாங்கும். கை வியர்க்கும். தப்பி ஓட உடம்பு தயாராகிறது. ஓடுவதற்கு இது உதவும். உட்கார்ந்து கணக்குப் போட உதவாது. அதனால்தான் தெரிந்த விடைகூட அந்த நேரத்தில் மறந்து போகிறது. பயம் தணிந்தால் விடை நினைவுக்கு வரும்.

கொஞ்சம் பயம் நல்லது. அது பிள்ளையைப் படிக்க வைக்கும். அளவு மீறினால் படித்ததைக் கெடுக்கும்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? பாதி நம் வீட்டிலிருந்தே வருகிறது. "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்கிறோம். "பெயிலானால் கம்பெனிக்குப் போ" என்கிறோம். "மாமனுக்குக் கட்டி வைத்துவிடுவேன்" என்கிறோம். கோபத்தில் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். பிள்ளை மறப்பதில்லை. 18 வயது ஆகாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம். மதிப்பெண் குறைந்தது அதற்குக் காரணம் ஆகாது.

ஒரு பரீட்சையோடு எல்லாம் முடிந்துவிடுமா? முடியாது. கர்நாடகத்தில் 2024 முதல் ஒரே ஆண்டில் மூன்று பொதுத் தேர்வுகள் நடத்தும் முறை வந்தது. தேர்வு 1, தேர்வு 2, தேர்வு 3 என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். முதல் தேர்வில் தவறினால் அடுத்ததை எழுதலாம். தேறியவர்களும் மதிப்பெண் கூட வேண்டுமானால் எழுதலாம். எதில் அதிகம் கிடைத்ததோ அதையே வைத்துக்கொள்ளலாம். 2025 அக்டோபரில் தேர்ச்சி அளவை 35 சதவீதத்திலிருந்து 33 ஆகக் குறைப்பதாகவும் அரசு அறிவித்தது. இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். "இந்தக் கதவு மூடினால் இன்னொரு கதவு இருக்கிறது" என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

"எனக்குப் பாடம் தெரியாதே, நான் எப்படி உதவுவேன்?" என்று ஒரு தாய் கேட்கலாம். பாடம் தெரிய வேண்டாம். காது கொடுத்தால் போதும்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். இரவு அம்மா கீரை ஆய்கிறாள். மகள் மின்சாரப் பாடம் படிக்கிறாள்.

"புத்தகத்தை மூடிட்டு எனக்குச் சொல்லு" என்கிறாள் அம்மா.

மகள் சொல்கிறாள். அம்மா கேட்கிறாள்: "சாமிக்குப் போடுற சீரியல் விளக்குல ஒண்ணு போனா எல்லாம் அணைஞ்சு போகுது. வீட்டுல ஒரு பல்பு போனா மத்தது எரியுதே, ஏன்?"

மகள் திகைக்கிறாள். புத்தகத்தைத் திறந்து பார்க்கிறாள். "சீரியல் விளக்குல கரண்டுக்கு ஒரே வழிதான்மா. வீட்டுல ஒவ்வொரு பல்புக்கும் தனி வழி" என்கிறாள்.

அந்தப் பாடம் இனி அவளுக்கு எளிதில் மறக்காது. பத்து முறை படிப்பதைவிட, மூடி வைத்து ஒரு முறை சொல்லிப் பார்ப்பது மனதில் நிற்கும். பழைய கேள்வித்தாளை எழுதிப் பார்ப்பதும் அப்படித்தான். நேரம் வைத்து எழுதிப் பழகினால், பரீட்சை அறை புதிதாகத் தெரியாது.

தூக்கத்தைக் குறைக்க விடாதீர்கள். பகலில் படித்ததை மூளை பதிய வைப்பது தூக்கத்தில்தான். விடிய விடியப் படித்த பிள்ளை, பரீட்சை அறையில் தடுமாறும். பிள்ளை படிக்கும் நேரம் டி.வி.யை நிறுத்துங்கள். ஹுஸ்கூர் மத்தூரம்மா தேர்த் திருவிழாவும் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் வரும். உறவினர் வருவார்கள். பிள்ளைக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள்.

நீங்கள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள். ஆகவே இன்னொரு வேலையும் உங்களால் முடியும். தேர்வு அட்டவணையை வாங்கிப் படியுங்கள். எந்த நாள், எந்தப் பாடம் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முதல் நாள் இரவே ஹால் டிக்கெட்டையும் இரண்டு பேனாக்களையும் எடுத்து வையுங்கள். ஓசூர் ரோட்டில் வண்டி நெரிசல் உங்களுக்குத் தெரிந்ததே. அரை மணி நேரம் முன்பே கிளம்புங்கள். காலையில் வழக்கமான உணவையே கொடுங்கள்.

கேள்வித்தாளைப் படிக்க 15 நிமிடம் தருகிறார்கள். அப்போது பேனாவை எடுக்க வேண்டாம். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். ஐந்து முறை செய்தால் படபடப்பு குறையும். பிறகு தெரிந்த கேள்வியை முதலில் எழுத வேண்டும். தெரியாததை விட்டுவிட்டுப் பிறகு வரலாம். இதையெல்லாம் வீட்டிலேயே பழக்குங்கள்.

பரீட்சை முடிந்து வந்ததும் "எத்தனை மார்க் வரும்?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட வா" என்று கூப்பிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பிள்ளை யாரோடும் பேசாமல் ஒதுங்கலாம். பல நாள் தூங்காமல் இருக்கலாம். "நான் இருந்து என்ன பயன்?" என்று சொல்லலாம். அப்போது திட்டாதீர்கள். தனியே விடாதீர்கள். அருகில் உட்கார்ந்து கேளுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது டெலி மானஸ் என்ற அரசு உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது. இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். இதற்கு வழிகாட்டும் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது.

பரீட்சை ஆண்டுதோறும் வரும். மதிப்பெண்ணை மறுபடியும் வாங்கலாம். பிள்ளையை மறுபடியும் வாங்க முடியாது. இன்று இரவு உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். "எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள்.