கம்பி சுற்று மோதிரம்: முதல் முறை செய்பவர்களுக்கு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கடைசிவரை உட்கார்ந்திருக்கப் போகிறவர்கள் முன்வரிசைப் பிள்ளைகள்தான் என்று நம்புகிறேன்.

மணி கோர்த்துக் கம்பி சுற்றிச் செய்கிற மோதிரத்தைப் பற்றிப் பேச ஒரு பழைய பேங்க் கிளார்க்குக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நகைக்கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். மோதிரத்தை எடையாகவும் வட்டியாகவும்தான் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, விடுமுறைக்கு வந்த பேத்திக்குத் துணையாக உட்கார்ந்ததில் இந்தக் கைவேலை ஒட்டிக்கொண்டது. இதுவரை நாற்பது மோதிரத்துக்கு மேல் செய்திருப்பேன். அவ்வளவுதான் தகுதி.

இன்று இதைப் பேச இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் சுற்றியது. வீட்டிலிருந்தே மணி மோதிரம் செய்யலாம், மாதம் ரூ.15,000 சம்பாதிக்கலாம், பொருள் அனுப்ப முன்பணம் ரூ.3,500 கட்டினால் போதும் என்று. "கட்டலாமா சார்?" என்று நம் பிளாக்கிலேயே மூன்று பேர் என்னைக் கேட்டார்கள். முதலில் மோதிரத்தைச் செய்து பார்ப்போம், அப்புறம் கணக்குக்கு வருவோம் என்று அவர்களிடம் சொன்னேன். அந்த வரிசையிலேயே இங்கேயும் பேசுகிறேன்.

கம்பி சுற்றுவது என்றதும் ஏதோ வெளிநாட்டு வித்தை என்று நினைக்க வேண்டாம். ருத்ராட்ச மாலையை வெள்ளிக் கம்பியில் கட்டித் தருகிறார்களே, பவள மாலையைத் தங்கக் கம்பியில் கட்டுகிறார்களே, அதே வேலைதான். பற்றவைப்பு இல்லை, நெருப்பு இல்லை. கம்பி தன்னையே சுற்றிக்கொண்டு மணியைப் பிடித்து நிற்கிறது. இன்னும் பெரிதாகப் பார்க்க வேண்டுமானால் தெருவில் மின்கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியைப் பாருங்கள். நடுவில் முட்டை மாதிரி ஒரு பீங்கான் இன்சுலேட்டர் இருக்கும். கம்பி அதில் நுழைந்து, திரும்பி, தன்மேலேயே முறுக்கிக்கொண்டு நிற்கும். பீங்கான் ஊர்க்காரர்களான நமக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் வேண்டியதில்லை.

மணியும் நமக்குப் புதிதல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய நாளிலிருந்து இன்றுவரை பேசப்படுவது அங்கே கிடைத்த மணிகள்தான். கண்ணாடியைக் குழாயாக இழுத்து, சின்னச் சின்னதாக நறுக்கிச் செய்த அந்த மாதிரி மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை கிடைக்கின்றன. நொய்யல் கரைக் கொடுமணலில் பளிங்கு, சூதுபவளம் எல்லாம் மணியாகியிருக்கின்றன. கல்லில் அத்தனை நேர்த்தியாக ஓட்டை போட்டவர்கள் அவர்கள். நாம் ஓட்டை போட்ட மணியைக் கடையில் வாங்கித்தான் ஆரம்பிக்கப் போகிறோம்.

பொருளுக்கு வருகிறேன். வேண்டியது கம்பி, மணி, நோஸ் பிளேயர், கட்டர், மோதிரத்தைச் சுற்ற ஒரு உருளை. கம்பி மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் இனாமல் பூசிய செம்புக் கம்பி. நான் போய் நூறு கிராம் கேட்டபோது கடைக்காரர் "எந்த மோட்டார் சார்?" என்றார். "விரல் மோட்டார்" என்றேன். கம்பியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இணையத்தில் வரும் வீடியோக்களில் பெரும்பாலும் 20 கேஜ் என்பார்கள். அது அமெரிக்கக் கேஜ், தடிமன் 0.81 மில்லிமீட்டர். நம் வைண்டிங் கடையில் இருப்பது எஸ்.டபிள்யூ.ஜி. என்கிற பிரிட்டிஷ் கேஜ். அதில் 20 என்றால் 0.91 மில்லிமீட்டர். இந்தப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில்தான் புதியவர்களின் கை வலிக்கும், மணிக்குள்ளும் கம்பி நுழையாது. ஆகவே கடையில் 21 கேஜ் என்று கேளுங்கள். அதுதான் வீடியோவில் சொல்லும் 20.

மணி 6 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஓட்டை ஒரு மில்லிமீட்டராவது வேண்டும். கடுகு மாதிரிப் பாசிமணிக்கும், முத்துக்கும் ஓட்டை சிறியது. முதல் மோதிரத்துக்கு அவை ஆகாது. மலிவான வெள்ளி நிறக் கம்பி வேண்டாம் என்பேன். அதில் நிக்கல் கலந்திருக்கலாம். கவரிங் தோடு போட்டால் காது அரிக்கும் என்பவர்களுக்கு விரலும் அரிக்கும். இனாமல் இல்லாத வெறும் செம்பு வியர்வை பட்டு விரலில் பச்சை நிறம் ஏற்றும். அதற்குப் பயப்பட வேண்டாம், சோப்புப் போட்டால் போய்விடும்.

இங்கே எழுந்து "நம் ஊர் பீங்கான் மணியை வைக்கலாமா?" என்று ஒரு தம்பி கேட்டார். தாராளமாக வைக்கலாம். ஆனால் யாராவது களிமண்ணில் உருட்டிச் சூளையில் கொடுத்து எடுப்பதாக இருந்தால், மண் காய்ந்து வெந்து முடியும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும், ஓட்டையும் சேர்ந்து சுருங்கும். மேலே பூசும் பளபளப்பும் ஓட்டைக்குள் இறங்கி அடைக்கும். எனவே ஒரு மில்லிமீட்டர் வேண்டுமென்றால் பச்சை மண்ணில் இரண்டு மில்லிமீட்டர் குத்துங்கள்.

அடுத்து அளவு. ஒரு துண்டுக் காகிதத்தை விரலில் சுற்றி, சேரும் இடத்தில் கோடு போட்டு, மில்லிமீட்டரில் அளங்கள். அதிலிருந்து 40-ஐக் கழித்தால் நகைக்கடையில் சொல்கிற நம்பர் ஏறக்குறைய வந்துவிடும். 54 என்றால் 14-ம் நம்பர். காலையில் அளக்காதீர்கள், மாலையில் அளங்கள், அப்போது விரல் கொஞ்சம் பருத்திருக்கும். மூட்டு வீங்கியவர்கள் மூட்டின் மேல் அளக்க வேண்டும், மோதிரம் அதைத் தாண்டித்தானே போக வேண்டும்! கம்பி சுற்றச் சுற்ற உள்வட்டம் இறுகும் என்பதால் உருளை ஒன்று, இரண்டு நம்பர் பெரிதாக இருக்கட்டும். பத்தர் கடையில் இருக்கும் கூம்புக் கோல் நம்மிடம் இல்லை. ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து, வேண்டிய அளவு வரும்வரை காகிதத்தைச் சுற்றி டேப் ஒட்டினால் போதும். பூரிக்கட்டையின் கைப்பிடியும் உதவும், வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

இனி செய்முறை. கம்பியை 35 சென்டிமீட்டர் நறுக்குங்கள். முதல் தடவை என்றால் 40 வைத்துக்கொள்ளுங்கள். மணியைக் கோர்த்து நடுவுக்குக் கொண்டு வந்து, உருளையின் முன்பக்கம் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். இரண்டு முனைகளையும் பின்பக்கம் கொண்டுபோய், ஒன்றையொன்று தாண்டவிட்டு, முன்னால் மணிக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள். இடதில் கிளம்பியது வலதில் வந்து நிற்கும், வலதில் கிளம்பியது இடதில். இப்போது வளையத்தில் இரண்டு இழை ஓடும். முனைகள் இரண்டையும் ஒரே திசையில், மணியின் அடியை ஒட்டி, இரண்டு சுற்று சுற்றுங்கள். பானைக்குக் கீழே சும்மாடு வைத்தது போல மணி உட்கார்ந்துவிடும். இந்த இடத்தில் அவசரம் கூடாது. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் இழுத்துப் பிடித்தால்தான் மணி ஆடாது. அதற்காகப் பிடிக்காத சுற்றைப் பிரித்துப் பிரித்துச் சுற்றவும் கூடாது. செம்பு வளைய வளைய விறைக்கும், ஒரே இடத்தில் நாலைந்து முறை மடக்கினால் ஒடிந்துவிடும்.

பிறகு உருளையிலிருந்து கழற்றி, ஒரு முனையை மணிக்கு வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் கொண்டுபோய், இரண்டு இழைகளையும் சேர்த்து மும்மூன்று சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். மிச்சத்தை நறுக்க வேண்டும். நறுக்கும்போது இன்னொரு கையால் முனையை மூடிக்கொள்ளுங்கள். துண்டுக் கம்பி தெறித்துக் கண்ணுக்குத்தான் வரும்.

இந்த வேலையின் உயிர் இனிமேல்தான் இருக்கிறது. நறுக்கிய முனை மோதிரத்தின் வெளிப்பக்கம் முடிய வேண்டும், விரலைத் தொடும் உள்பக்கம் முடியக் கூடாது. நோஸ் பிளேயரின் நுனியால் அதை அழுத்திப் படிய வையுங்கள். பிறகு ஒரு பழைய பட்டுத்துணியை மேலே இழுத்துப் பாருங்கள். ஒரு இழை மாட்டினாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம். நம்மில் சர்க்கரை உள்ளவர்கள் நிறையப் பேர். விரல் நுனியில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கம்பி கீறியதே தெரியாது, புண் ஆறவும் நாளாகும். அழகு கொஞ்சம் குறைந்தாலும் போகட்டும், முனை மட்டும் வெளியே நிற்கக் கூடாது.

முதல் மோதிரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். பத்தாவது மோதிரத்தில் இருபது நிமிஷத்துக்கு வந்துவிடுவீர்கள். அதற்குக் கீழே என்னால் இறங்க முடியவில்லை. இளம் கைகள் கொஞ்சம் இறங்கலாம்.

இப்போது கணக்கு. நான் படித்தது பி.காம்., இதை விட்டுவிட்டுப் போக மனசு வராது. இந்தத் தடிமன் செம்புக் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 4.6 கிராம். நூறு கிராமில் 21 மீட்டர் வரும், அதாவது 60 மோதிரம். நூறு கிராம் 150 ரூபாய் என்றே வையுங்கள், ஒரு மோதிரத்துக்குக் கம்பிச் செலவு இரண்டரை ரூபாய். மணி ஐந்து ரூபாய். ஆக ஏழரை ரூபாய்ப் பொருளை வைத்துக் கற்றுக்கொள்ளும் தொழிலுக்கு 3,500 ரூபாய் முன்பணம் எதற்கு?

விளம்பரத்தில் மோதிரத்துக்குப் பத்து ரூபாய் கூலி என்று போட்டிருந்தது. 15,000 ரூபாய் வேண்டுமென்றால் 1,500 மோதிரம். இருபது நிமிஷம் வீதம் 500 மணி நேரம். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 20 மணி நேரம். சமையல், தூக்கம், பிள்ளைகளின் ஹோம்ஒர்க் எல்லாம் மிச்சம் நாலு மணி நேரத்தில். அப்படியே செய்து அனுப்பினாலும், "தரம் சரியில்லை" என்று ஒரு வார்த்தையில் திருப்பிவிடலாம், போனை எடுக்காமலும் இருக்கலாம். வேலை கொடுக்கிறவர் நமக்குக் காசு தர வேண்டும், நம்மிடம் வாங்கக் கூடாது. ஏற்கனவே கட்டிவிட்டு ஏமாந்ததாகத் தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் மோசடிப் புகாருக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் கைமாறாமல் நிறுத்திவைக்க வாய்ப்பு.

நம் ஊர்க் கதையே ஒன்று இருக்கிறது. சுந்தரருக்கு இதே முதுகுன்றத்தில் பன்னிரண்டாயிரம் பொன் கிடைத்தது. இறைவன் சொன்னபடி அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். கொடுத்தது சாட்சாத் சிவபெருமான். இருந்தாலும் போடுவதற்கு முன் ஒரு துண்டு மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார், குளத்தில் எடுத்த பொன்னை அதோடு உரைத்தும் பார்த்தார். வங்கியில் எங்களுக்கு அந்தக் கதைதான் பயிற்சி வகுப்பு! முகம் தெரியாத வாட்ஸ்அப் எண்ணுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் அந்த அளவுக்காவது ஒரு மச்சம் கேட்க வேண்டாமா?

காசே வராது என்று நான் சொல்லவில்லை. கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு மோதிரம் வைத்துக் கொடுக்கலாம். கேட்பவர்களுக்கு நாற்பது, ஐம்பது ரூபாய்க்கு விற்கலாம். விலையை நீங்கள் வைப்பீர்கள், வாங்குகிறவர் முகம் உங்களுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு மாலை 4 மணிக்கு இதே ஹாலில் செய்து காட்டுகிறேன். கம்பியும் மணியும் நான் கொண்டு வருகிறேன். நீங்கள் ஒரு மார்க்கர் பேனா, நோஸ் பிளேயர், கண்ணாடி போடுகிறவர்கள் படிக்கும் கண்ணாடி கொண்டு வாருங்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும், கட்டர் பெரியவர் கையில்தான் இருக்கும். ஆண்களும் வரலாம். வாட்ச்மேன் அண்ணன் ஏற்கனவே பெயர் கொடுத்துவிட்டார்.